உமிக் கரியும் சிலிக்காவும்: தண்ணீரில் இருந்து பார உலோகம் எடுக்கும் பொருளை வளவுக்குள்ளேயே செய்வது

தொடங்க முதல் ஒரு விடயம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் என்றவுடன் எல்லோரும் வடிகட்டி, கரி, ஆர்ஓ என்று கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள், ஆனால் இங்கே பெரும்பாலான கிணறுகளின் சிக்கல் பார உலோகம் இல்லை. தோட்டத்து உரத்தில் இருந்தும் மலசலகூடக் குழியில் இருந்தும் இறங்கும் நைத்திரேற்று, சுண்ணாம்புக் கல்லால் வரும் கடினத்தன்மை, கரையோரத்தில் உவர், அப்புறம் கிருமி. இந்த நான்கில் ஒன்றையும் இங்கே நாம் செய்யப்போகும் பொருள் தீர்க்காது. ஆகவே முதலில் உங்கள் தண்ணீரை ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்து ஈயம், கட்மியம், செம்பு, ஆசனிக்கு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தால் சந்தோசப்படுங்கள், குடிநீருக்காக இதைச் செய்ய வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

அப்படியென்றால் இது யாருக்கு? உயர்தர இரசாயனவியல் செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகளுக்கு (ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்), பல்கலைக்கழகத்தில் முதல் முறையாகப் புறத்துறிஞ்சல் (கரைந்திருக்கும் ஒன்று ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது) ஆய்வு தொடங்குகிறவர்களுக்கு, பழைய பற்றரி, முலாம் பூசுதல், சாயம் போன்ற வேலைகளில் வரும் கழிவு நீரை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு. வீட்டில் குடிக்கிற தண்ணீருக்கு இதை நேரே பாவிக்க வேண்டாம். ஏன் என்பது சோதனைப் பகுதிக்கு வரும்போது விளங்கும்.

ஏன் உமி?

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் 15 முதல் 20 வீதம் வரை சாம்பல் மிஞ்சும், அந்தச் சாம்பலில் 85 வீதத்துக்கு மேல் சிலிக்கா, அதாவது சிலிக்கன் ஈரொட்சைட்டு. நெற்பயிர் மண்ணில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேரால் இழுத்து உமியின் தோலில் சேர்த்து வைக்கிறது, பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் ஏறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காற்றுப் பட எரித்தால் காபன் முழுக்கப் போய்ச் சாம்பல் நிறத்தில் சிலிக்கா மட்டும் மிஞ்சுகிறது. காற்றுப் படாமல் சுட்டால் காபனும் சிலிக்காவும் ஒன்றுக்குள் ஒன்று பின்னியபடி கரியாக நிற்கின்றன. நமக்குத் தேவையானது இந்த இரண்டாவது.

நம் ஊரில் கரி என்றால் சிரட்டைக் கரி, ஊமல் கரி. இரண்டும் நல்ல கரிதான், உறுதியானவையும்கூட, சும்மா காபன் வடிகட்டிக்கு நான் உமியை விடச் சிரட்டையைத்தான் சொல்லுவேன். ஆனால் அவற்றில் சொல்லும்படியான சிலிக்கா கிடையாது. உமியில் சிலிக்கா பிறவியிலேயே இருப்பதால் கடையில் வாங்கிக் கலக்கும் வேலை மிச்சம். உமிக்கும் அலைய வேண்டியதில்லை, கிளிநொச்சிப் பக்கம் எந்த அரிசி ஆலைக்குப் பின்னாலும் மலைபோலக் கிடக்கும். ஆனால் ஆலைக் கொதிகலனுக்குள் எரிந்து வந்த கருஞ்சாம்பலை எடுக்காதீர்கள், அது எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

சிலிக்காவின் வேலை என்ன, காபனின் வேலை என்ன என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்றால்: சிலிக்காவின் மேற்பரப்பில் உள்ள சிலனோல் கூட்டங்கள் (சிலிக்கனோடு ஒட்டிய OH கூட்டங்கள்) பிஎச் 3ஐத் தாண்டியவுடன் மெல்ல மெல்ல எதிர் ஏற்றம் பெறுகின்றன, ஈயம், செம்பு, கட்மியம் போன்ற கற்றயன்கள் (நேர் ஏற்றமுள்ள அயன்கள்) அவற்றில் ஒட்டுகின்றன, காபனில் உள்ள காபொட்சிலிக், பீனோல் கூட்டங்களும் அதே வேலையைச் செய்கின்றன, அதோடு நுண்துளைகளையும் தருகின்றன. காபன் தனியே தண்ணீரை அவ்வளவு விரும்பாது, சிலிக்கா விரும்பும், ஆகவே கலவைக்குள் தண்ணீர் சுலபமாக இறங்கும்.

சுடுவது

உமியை முதலில் சுளகில் புடைத்துக் கல், மண், குறுநெல் எல்லாம் எடுத்துவிடுங்கள். பிறகு மழைத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். இங்கே நான் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் கல்சியம் உமியிலேயே தங்கிவிடும், நீங்கள் உலோகத்துக்காக ஒதுக்கிய இருக்கைகளில் அது முதலே ஏறிக் குந்திவிடும். மாரியில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால் நல்லது, இல்லை என்றால் எரிபொருள் நிலையத்தில் விற்கும் பற்றரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த நீர். வசதி இருந்தால் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவுங்கள். உமியில் இருக்கும் பொற்றாசியம் போய்விடும், அது இருந்தால் சூட்டில் சிலிக்கா சீக்கிரமாக உருகிப் பளிங்காகத் தொடங்கும்.

வெயிலில் நன்றாகக் காய்ந்த உமியை மூடியுள்ள ஒரு தகரப் பேணிக்குள், பெரிய பால்மாப் பேணி போதும், அமுக்கி நிரப்புங்கள். மூடியில் ஆணியால் ஒரு சிறிய துளை. பேணியை வளவில் திறந்த இடத்தில் மூன்று கல் அடுப்பில் வைத்து, சுற்றிவர விறகும் ஊமலும் போட்டு எரியுங்கள். குசினிக்குள் செய்ய வேண்டாம், வரும் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது, அதற்கு மணமே இல்லை. முதலில் துளையால் வெள்ளை ஆவி வரும், அது தண்ணீர். பிறகு மஞ்சளான கடும் புகை, அதற்கு நெருப்புக் காட்டினால் துளையிலேயே சுடராக எரியும். அந்தச் சுடர் தானாக அணையும் மட்டும் எரியவிட்டு, அதன்பிறகு இன்னும் கால் மணித்தியாலம் கொடுங்கள்.

வெப்பமானி இல்லாமல் வெப்பத்தை எப்படி அறிவது? எந்தப் பொருளும் ஏறத்தாழ 525 பாகை செல்சியசில் மங்கலான சிவப்பாக ஒளிரத் தொடங்கும், இருட்டில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். ஆகவே பொழுதுபட்ட பிறகு எரியுங்கள். பேணியின் பக்கம் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கினால் போதும், அதோடு நிறுத்துங்கள். நமக்கு 400க்கும் 550க்கும் இடைப்பட்ட வெப்பம் தேவை. பளீரென்ற செம்மஞ்சள் நிறத்துக்குப் போனால் 800ஐத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கே சிலிக்கா கிறிஸ்ரோபலைற்று என்ற பளிங்காக மாறத் தொடங்கும். பளிங்கான சிலிக்கா காரத்தில் இலகுவில் கரையாது, போதாக்குறைக்கு அதன் தூசு நுரையீரலுக்கு மிகக் கெட்டது. உள்ளே சிலிக்கா பளிங்காகாமல் இருப்பதில்தான் அடுத்த படியே தங்கியிருக்கிறது.

பேணி முழுதாக ஆறும் மட்டும் திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே கனன்று, இவ்வளவு நேரம் காப்பாற்றிய காபன் சாம்பலாகிவிடும். இரவில் சுட்டால் காலையில் திறக்கலாம். 100 கிராம் உமிக்கு 35 முதல் 40 கிராம் வரை கரி கிடைக்கும், உமியின் வடிவம் அப்படியே இருக்கும், கையில் நசித்தால் பொடியும். அதில் ஏறத்தாழ பாதியளவு சிலிக்கா. முகக்கவசம் போட்டுக்கொண்டு உரலிலோ கல்லிலோ மெதுவாக அரைத்து அரிதட்டில் அரியுங்கள். மாவாக்க வேண்டாம், ரவை அளவு போதும்.

காரத்தில் கரைத்துத் திரும்பப் படியவைப்பது

இந்தக் கரியை இப்படியே பாவித்தாலும் கொஞ்சம் உலோகத்தைப் பிடிக்கும். ஆனால் சிலிக்கா உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது, துளைகளையும் அடைத்துக்கொண்டு இருக்கிறது. சுற்றிவரப் பாருங்கள், இணையத்தில் பெரும்பாலும் இரண்டு விதமான செய்முறைதான் கிடைக்கும்: ஒன்று காரத்தால் சிலிக்காவை முழுக்கக் கரைத்துக் கொட்டிவிட்டுக் காபனை மட்டும் எடுப்பது, மற்றது காபனை எரித்துவிட்டுச் சிலிக்காவை மட்டும் எடுப்பது. இரண்டிலும் பாதிப் பொருள் வீண். நான் சொல்வது, சிலிக்காவைக் கரைத்து வெளியே எடுத்து, கரி அதே பாத்திரத்தில் இருக்கும்போதே அதன் மேல் புதிதாகப் படியவிடுவது. கரைந்து போன இடம் துளையாகிவிடும், திரும்பப் படிந்த சிலிக்கா பஞ்சுபோல் மெல்லியதாகக் கரியைச் சுற்றிப் பிடிக்கும்.

தேவையானவை: 20 கிராம் கரி, 8 கிராம் கோஸ்டிக் சோடா (சோடியம் ஐதரொட்சைட்டு), 200 மில்லிலீட்டர் மழைத் தண்ணீர், வெள்ளை வினாகிரி, துருப்பிடிக்காத உருக்குச் சட்டி, பிஎச் தாள். அலுமினியச் சட்டி கூடவே கூடாது! காரம் அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவை வெளிவிடும், பக்கத்தில் அடுப்பும் எரிகிறது. நம் வீடுகளில் பாதிச் சட்டி அலுமினியம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நாகம் பூசிய வாளியும் அப்படித்தான்.

தண்ணீருக்குள் கோஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மாறி அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தானாகவே சூடாகும். கையுறை, கண்ணாடி கட்டாயம். தோலில் பட்டால் வினாகிரி பூசுவது எல்லாம் வேண்டாம், ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஆயத்தமாகுங்கள்.

கரியைப் போட்டு, கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணித்தியாலம் வைத்திருங்கள். நுரைக்கும், ஆகவே பெரிய சட்டியாக எடுங்கள். வற்றினால் மழைத் தண்ணீர் விட்டு அளவைச் சமப்படுத்துங்கள். இந்த நேரத்தில் சிலிக்கா சோடியம் சிலிக்கேற்றாக மாறிக் கரைசலுக்குள் வந்துவிடுகிறது. பொருள் எல்லாம் கறுப்பாகவே இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி கரைசலை வடித்து அதில் சொட்டுச் சொட்டாக வினாகிரி விடுங்கள், மங்கலாகி நீர்த்த கூழ்போல வந்தால் சிலிக்கா கரைந்திருக்கிறது.

இப்போது வடிகட்டாமல், சட்டியை இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, தொடர்ந்து கிண்டிக்கொண்டே வினாகிரியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முழு வேலையிலும் அவசரப்படக் கூடாத இடம் இதுதான், அரை மணித்தியாலம் எடுத்தாலும் பரவாயில்லை. பிஎச் 13 அளவில் இருந்து மெல்ல இறங்கி, 10க்கும் 8க்கும் இடையில் சிலிக்கா இறுகத் தொடங்கும். அங்கே வந்தவுடன் நிறுத்திக் கால் மணித்தியாலம் கிண்டுங்கள். பிறகு 7க்குக் கொண்டு வாருங்கள். 4 வீத வினாகிரி என்றால் மொத்தமாக 300 மில்லிலீட்டர் அளவு பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றினால் சிலிக்கா கரியோடு சேராமல் தனியே வெள்ளைக் கட்டியாகத் திரளும். கடும் அமிலத்தைப் பாவித்து பிஎச் 2, 3க்குக் கீழே தள்ளிவிட்டால் இன்னொரு சிக்கல், அங்கே சிலிக்கா இறுகவே நெடுநேரம் எடுக்கும், வடிகட்டும்போது தாளுக்குள்ளால் ஓடிவிடும். சிட்ரிக் அமிலம் வேண்டவே வேண்டாம், அது உலோக அயனைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும் சாதி, கழுவலில் கொஞ்சம் மிஞ்சினாலும் உங்கள் சோதனையைக் குழப்பிவிடும்.

பிஎச் தாள் கரியால் கறுத்துவிடும் என்பதால் ஒரு துளியை வடிதாளில் விட்டு, தாளில் பரவும் தெளிந்த ஓரத்தில் பிஎச் தாளைத் தொடுங்கள். தாள் கிடைக்காவிட்டால் செவ்வரத்தம் பூச் சாறு இருக்கிறது, காரத்தில் பச்சை, அமிலத்தில் சிவப்பு. ஆனால் 8ஐயும் 9ஐயும் அது பிரித்துச் சொல்லாது.

ஓர் இரவு அப்படியே மூடி வைத்துவிடுங்கள். சிலிக்காத் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாவதற்கு நேரம் வேண்டும்.

கழுவல், உலர்த்தல்

மறுநாள் துணியில் வடித்து, மழைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். எத்தனை முறை என்று கேட்காதீர்கள், ரிடிஎஸ் மானி (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) சொல்லும் மட்டும். ஆர்ஓ தண்ணீர் வாங்கும் வீடுகளில் இப்போது இந்த மானி இருக்கிறது, கழுவி வரும் தண்ணீரின் வாசிப்பும் நீங்கள் ஊற்றிய தண்ணீரின் வாசிப்பும் கிட்டத்தட்ட ஒன்றானால் உப்பு போய்விட்டது. முதல் வடிநீரில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துப் பாருங்கள், ஓரிரு நாளில் அதில் வெள்ளையாக ஏதும் படிந்தால் சிலிக்கா முழுக்கப் படியாமல் ஓடியிருக்கிறது, அடுத்த முறை இன்னும் மெதுவாக அமிலம் விட வேண்டும்.

உலர்த்துவதைப் பலர் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் கஷ்டப்பட்டுச் செய்த துளைகள் பெரும்பாலும் இங்கேதான் நசிந்து போகின்றன. தண்ணீர் ஆவியாகும்போது அதன் மேற்பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்ளே இழுக்கும், சிலிக்கா வலை மென்மையானது, சுருங்கிவிடும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன், எதனோலினது 22. ஆகவே கடைசிக் கழுவலை ஸ்பிரிட்டில் (அது பெரும்பாலும் எதனோல்தான்) செய்து, நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல், நிழலில் ஆறப்போட்டு, ஸ்பிரிட் மணம் முழுக்கப் போன பிறகு 105 பாகையில் சில மணித்தியாலம் உலர்த்தினால் துளை கூடுதலாக மிஞ்சும். வெயிலில் தகரத்தின் மேல் போட்டுச் சுட்டெடுக்க வேண்டாம்.

20 கிராம் கரியில் தொடங்கினால் 17, 18 கிராம் கையில் வந்தால் நல்ல வேலை. 12க்குக் கிட்ட வந்தால் சிலிக்கா கழிவுநீரோடு போய்விட்டது, உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வெறும் காபன்.

சோதனை: முக்கால்வாசி வேலை இங்கேதான்

செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அது உண்மையிலேயே உலோகத்தை எடுக்கிறதா என்று காட்டுவதுதான் கடினம், அதிலும் யாழ்ப்பாணத்துத் தண்ணீரில். மெதிலீன் நீலம் விட்டு, நிறம் மறைந்தது, பாருங்கள் என்று காட்டும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. சாயம் மறைவது காபனின் துளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும், உலோகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பிள்ளைகள் ஈயத்தோடு விளையாட வேண்டாம் என்பதால் செம்பை எடுப்போம். செப்புச் சல்பேற்று, அதுதான் மயில்துத்தம், முந்திரிகைத் தோட்டக்காரர் சுண்ணாம்போடு கலந்து போர்டோக் கலவை தெளிப்பார்களே, அந்த நீலப் பளிங்கு. இதுவும் நஞ்சுதான், ஆனால் கையாளக்கூடியது. ஒரு லீட்டர் காய்ச்சி வடித்த நீரில் 0.39 கிராம் கரைத்தால் லீட்டருக்கு 100 மில்லிகிராம் செம்பு. இதேபோல உங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு லீட்டர் தயாரியுங்கள்.

இப்போது ஐந்து போத்தல், ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீட்டர். முதலாவதில் வடித்த நீர்க் கரைசலும் அரைக் கிராம் நம் பொருளும். இரண்டாவதில் அதே கரைசல் மட்டும். மூன்றாவதில் கிணற்றுத் தண்ணீர்க் கரைசலும் அரைக் கிராம் பொருளும். நான்காவதில் கிணற்றுத் தண்ணீர்க் கரைசல் மட்டும். ஐந்தாவதில் வடித்த நீர்க் கரைசலும், காரத்தில் போடாத வெறும் உமிக் கரி அரைக் கிராமும். எல்லாவற்றையும் இரண்டு மணித்தியாலம் இடையிடையே குலுக்கி, வடிதாளில் வடியுங்கள்.

நான்காவது போத்தலை முதலில் பாருங்கள். ஒன்றுமே போடாத அந்தப் போத்தலில் பச்சை கலந்த நீலமாக வீழ்படிவு இறங்கியிருக்கும். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவதால் இருகாபனேற்று நிறைய, செம்பு அதோடு சேர்ந்து தானாகவே காபனேற்றாகப் படிந்துவிடுகிறது. ஈயமும் இப்படித்தான் செய்யும். இந்த வெற்றுப் போத்தலை வைக்காமல் மூன்றாவதை மட்டும் பார்த்தவர், என் பொருள் 90 வீதம் உறிஞ்சிவிட்டது என்று எழுதிவிடுவார், உண்மையில் அதில் பெரும் பங்கு கிணறு செய்த வேலை. ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கும்போதும் முதலில் வெற்றுச் சோதனையைத் தேடுங்கள், இல்லை என்றால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

இதே மாதிரியான இன்னொரு பொறி, சரியாகக் கழுவாத பொருள். உள்ளே மிஞ்சிய காரம் தண்ணீரின் பிஎச்சை ஏற்றிவிடும், 6ஐத் தாண்டினால் செம்பு ஐதரொட்சைட்டாகப் படியும், பொருள் அற்புதமாக வேலை செய்வதுபோலத் தெரியும். மோசமாகக் கழுவியதுதான் நன்றாக 'உறிஞ்சும்' என்ற வேடிக்கை இப்படித்தான் வருகிறது. அதனால் சோதனைக்கு முன்னும் பின்னும் பிஎச்சை எழுதி வையுங்கள். வடித்த நீர்ப் போத்தல்கள் 5க்குக் கிட்ட நின்றால் நீங்கள் பார்ப்பது புறத்துறிஞ்சல். 3க்குக் கீழே போனால் ஐதரசன் அயன்கள் போட்டிக்கு வந்து உலோகத்தைத் தள்ளிவிடும்.

அளப்பதற்கு, வடித்த ஒவ்வொரு கரைசலிலும் ஒரே அளவு அமோனியாக் கரைசல் விடுங்கள், கடும் நீலம் வரும். லீட்டருக்கு 100, 50, 25 மில்லிகிராம் என்று நியமக் கரைசல்கள் (செம்பின் செறிவு தெரிந்த கரைசல்கள்) செய்து, ஒரே மாதிரியான உயரக் குழாய்களில் ஊற்றி, அடியில் வெள்ளைத் தாள் வைத்து மேலிருந்து பார்த்து ஒப்பிடுங்கள். உதாரணமாக 100 இல் இருந்து 40க்கு வந்திருந்தால், குறைந்தது 60, அதை 0.1 லீட்டரால் பெருக்கி 0.5 கிராமால் வகுத்தால் ஒரு கிராம் பொருளுக்கு 12 மில்லிகிராம் செம்பு. ஐந்தாவது போத்தலோடு ஒப்பிட்டால் கோஸ்டிக் சோடாவோடு பட்ட பாட்டுக்குப் பலன் உண்டா என்று தெரிந்துவிடும். தொடக்கச் செறிவை மாற்றி மாற்றிச் செய்தால் புறத்துறிஞ்சலுக்கு இலாங்மியர் 1918 இல் எழுதிய சமன்பாட்டுக்குள் எண்களைப் போட்டு உச்சக் கொள்ளளவும் எடுக்கலாம், செயற்றிட்டத்துக்கு அழகாக இருக்கும்.

ஆனால் கண்ணால் பார்ப்பது லீட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே உதவாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஈயத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி அளவு லீட்டருக்கு 0.01 மில்லிகிராம், கட்மியத்துக்கு 0.003. நீங்கள் கண்ணால் காணக்கூடியதை விட ஆயிரம் மடங்கு கீழே. வீட்டில் செய்ததைக் குடிநீருக்குப் பாவிக்க வேண்டாம் என்று நான் முதலில் சொன்னது இதனால்தான், நிறம் மறைந்துவிட்டது என்பதற்கும் குடிக்கலாம் என்பதற்கும் இடையில் அவ்வளவு தூரம். அந்த அளவுக்கு அளக்க அணு உறிஞ்சல் திருசியமானி உள்ள ஆய்வுகூடம் வேண்டும்.

கல்சியத்தின் கதையும் இங்கே வருகிறது. கடினத்தன்மை (கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு) லீட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள ஒரு கிணற்றை எடுங்கள், அது முழுக்கக் கல்சியத்தால் என்றால் 120 மில்லிகிராம் கல்சியம். அந்தத் தண்ணீரில் ஈயம் 0.05 மில்லிகிராம் இருக்கிறது என்று வையுங்கள். எடையில் ஈயத்தைப் போல 2,400 மடங்கு கல்சியம் அதே இருக்கைகளுக்கு அடிபடுகிறது. ஈயத்துக்கு இந்த மேற்பரப்பில் முன்னுரிமை உண்டு, ஆகவே முழுதாகத் தோற்காது, ஆனால் வடித்த நீரில் கிடைத்த கொள்ளளவை அப்படியே நம்பி வடிகட்டியின் ஆயுளைக் கணக்கிட்டால் ஏமாந்து போவீர்கள். கிணற்றுத் தண்ணீரில் தானாகப் படிவதைத் தவிர்த்து இந்தப் போட்டியை மட்டும் பார்க்க விரும்பினால், வடித்த நீரில் கல்சியம் குளோரைட்டு சேர்த்து ஆறாவதாக ஒரு போத்தல் வையுங்கள். நல்ல செயற்றிட்டத்துக்கு இந்த ஆறாவது போத்தலே போதும்.

எல்லா உலோகத்துக்கும் இது இல்லை

ஆசனிக்கு காற்றுப் பட்ட தண்ணீரில் எதிர் ஏற்றமுள்ள ஆசனேற்றாகவே பெரும்பாலும் இருக்கும், எதிர் ஏற்றமுள்ள சிலிக்கா அதைத் தள்ளிவிடும். அதற்கு இரும்பு ஒட்சைட்டு பூசிய பொருள்தான் வேண்டும். அறுவலுக் குரோமியமும் அன்னயன்தான் (எதிர் ஏற்றமுள்ள அயன்), ஆனால் அது கடும் அமிலத்தில், பிஎச் 2 அளவில், காபனால் மூவலுக் குரோமியமாகத் தாழ்த்தப்படும், அதாவது அங்கே வேலை செய்வது காபன், சிலிக்கா இல்லை. இரசத்துக்குச் சிலிக்காவின் மேல் கந்தகம் உள்ள தயோல் கூட்டங்களை ஒட்டவைப்பார்கள், அமெரிக்காவின் பசிபிக் நோர்த்வெஸ்ட் தேசிய ஆய்வுகூடத்தினர் 1997 இல் இதைச் செய்து காட்டியது பிரபலம். அதற்கு வேண்டிய சிலேன் சேர்வைகள் விலை கூடியவை, வளவில் செய்யும் வேலையும் இல்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் வந்த எண்ணெய்ப் பிரச்சினைக்கு இது சரிவருமா என்று யாராவது கேட்டால், வராது, தண்ணீரை விரும்பும் சிலிக்காவைப் பூசிவிட்டு எண்ணெயைப் பிடி என்று கேட்க முடியாது, அதற்கு ஏவப்பட்ட சிரட்டைக் கரியே மேல்.

குழாயில் நிரப்பிப் பார்க்க விரும்பினால் தூளாகப் போடாதீர்கள், அடைத்துவிடும். அரை மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துகள்களை மட்டும் அரித்தெடுத்து, கீழும் மேலும் கழுவிய மணல் வைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெளியே வரும் தண்ணீரில் நீலம் எட்டிப்பார்க்கும் கட்டத்தில் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்பதுதான் அந்தக் குழாயின் உண்மையான அளவு.

கடைசியாக, பாவித்த பொருள். உலோகம் மறைந்து போகவில்லை, தண்ணீரில் இருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் உலோகம் திரும்பக் கழன்று வரும், பொருளைத் திரும்பப் பாவிக்கலாம், ஆனால் இப்போது கையில் செறிவான நச்சுக் கரைசல் ஒன்று இருக்கும். வாழையடியில் ஊற்றுவது, கிணற்றடி வாய்க்காலில் விடுவது இரண்டும் கூடாது. நம் நிலத்தில் மண் மெல்லியது, கீழே வெடிப்பும் குகையுமாகச் சுண்ணாம்புக் கல், மேலே கொட்டுவது வடிபடாமல் நேரே நிலத்தடி நீருக்குப் போகும், அதுவும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு. அமோனியா கலந்த கழிவில் செம்பு கரைந்தே நிற்கும், ஆகவே அதைப் போத்தலில் அடைத்து அப்படியே ஆய்வுகூடக் கழிவோடு கொடுங்கள். மற்ற அமிலக் கழிவில் அப்பச்சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு பிஎச்சை 8 அளவுக்கு ஏற்றினால் செம்பு வீழ்படிவாகும். அதை வடித்து, பாவித்த கரியையும் சேர்த்து, சீமெந்தோடு குழைத்து ஒரு பழைய பேணிக்குள் இறுகவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டி, பாடசாலை அல்லது பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் இரசாயனக் கழிவோடு கொடுத்துவிடுங்கள்.